பிள்ளைகளின் தூக்கமும் கைத்தொலைபேசியும்



காலை 5 மணிக்குப் பிள்ளையை எழுப்புவது இப்போது பல வீடுகளில் பெரும் போராட்டமாக இருக்கிறது. பள்ளி பஸ்ஸில் தூக்கம், வகுப்பில் தூக்கம். மாலையில் கேட்டால் "தலை வலிக்குதும்மா" என்கிறது. நாமும் "சோம்பேறி" என்று திட்டிவிட்டுப் பெரட்டுக்கு ஓடிவிடுகிறோம். அது சோம்பலா, தூக்கக் குறைவா என்று கணக்குப் போட்டுப் பார்ப்பது அவசியம்.

6 முதல் 12 வயது வரையுள்ள பிள்ளைக்கு நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். 13 முதல் 18 வயது வரை 8 முதல் 10 மணி நேரம். காலை 5 மணிக்கு எழவேண்டிய பத்து வயதுப் பிள்ளை இரவு 8 மணிக்கே தூங்கியிருக்க வேண்டும். பதினாலு வயதுப் பிள்ளை 9 மணிக்கு. அது போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு 12 மணி வரை விழித்திருந்தால் ஓர் இரவுக்கு 3 மணி நேரம் நஷ்டம். பள்ளி நாள் ஐந்துக்கும் சேர்த்து 15 மணி நேரம். ஏறக்குறைய இரண்டு இரவுத் தூக்கம் போச்சு!

இருட்டியதும் நம் மூளை மெலடோனின் என்னும் சுரப்பை இரத்தத்தில் கலந்து உடலைத் தூக்கத்திற்குத் தயார் செய்கிறது. கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்க்கும் திரையின் வெளிச்சம் இந்தச் சுரப்பைத் தாமதப்படுத்துகிறது. பருவ வயதில் இச்சுரப்பு இயற்கையாகவே சற்றுப் பிந்தித்தான் வரும். வெளிச்சத்தைவிட மோசம், மனதில் ஏறும் பரபரப்பு. அந்தக் காலத்தில் டிவியில் படம் முடிந்தால் எழுந்து போய்விடுவோம். இதில் முடிவே கிடையாது. ஒரு வீடியோ முடிந்தால் அடுத்தது தானாக ஓடும். அப்படி ஓடும்படிதான் செய்து வைத்திருக்கிறார்கள். பெரியவர்களாலேயே நிறுத்த முடியவில்லை; பிள்ளை எப்படி நிறுத்தும்?

போனே வேண்டாம் என்று சொல்வதற்கும் இல்லை. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடப்பட்டபோது, கடன் வாங்கிப் போன் வாங்கிக் கொடுத்தவர்கள் நம்மில் எத்தனை பேர்! ஒரே போனை மூன்று பிள்ளைகள் மாற்றி மாற்றிப் பாடம் படித்த வீடுகளும் உண்டு. இன்றும் வீட்டுப்பாடம் வாட்ஸ்அப்பில் வருகிறது. ஆகவே போனைப் பிடுங்கி உடைப்பதால் பயனில்லை. அது இரவில் எங்கே இருக்கிறது என்பதே கேள்வி.

படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே வீட்டிலுள்ள எல்லாப் போன்களும் அடுப்படியிலோ வரவேற்பறையிலோ ஓரிடத்தில் சார்ஜ் ஏறட்டும். எல்லாப் போன்களும் என்றால் அப்பாவுடையதும்தான். "அலாரத்துக்கு வேணுமே" என்பீர்கள். பசார் மாலாமில் மலிவான அலாரக் கடிகாரம் ஒன்று வாங்கி வையுங்கள். 12 மணிக்குப் படுத்துப் பழகிய பிள்ளையை ஒரே நாளில் 9 மணிக்குப் படுக்க வைக்க முடியாது. சில நாளுக்கு ஒருமுறை கால் மணி நேரமாக முன்னுக்குக் கொண்டு வாருங்கள். இன்னொன்று, மொபைல் லெஜண்ட்ஸ் போன்ற ஆட்டத்தின் நடுவில் போனைப் பறிக்காதீர்கள். ஐந்து பேர் சேர்ந்து ஆடுவது அது; ஒருவன் பாதியில் போனால் மற்ற நால்வருக்கும் கஷ்டம். "இந்த ஆட்டம் முடிஞ்சதும் வச்சிடுய்யா" என்று சொன்னால் பெரும்பாலும் கேட்பான். வைக்காவிட்டால் மறுநாள் ஆட்டம் இல்லை என்பதை முதலிலேயே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

மாலையில் தோட்டத்துத் திடலுக்கு விரட்டுங்கள். நாளொன்றுக்கு 2 மணி நேரமாவது வெளிச்சத்தில் விளையாடும் பிள்ளைக்குக் கிட்டப்பார்வை வரும் வாய்ப்புக் குறைகிறது. பட்டணத்துப் பிள்ளைகள் பலருக்குக் கிடைக்காத வசதி இது.

கைக்குழந்தை விஷயம் வேறு. ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரையே காட்டக்கூடாது என்றும், 2 முதல் 4 வயது வரை ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் கூறியது. போனைக் காட்டிச் சோறு ஊட்டினால் வயிறு நிறைந்தது குழந்தைக்கே தெரியாது. பிள்ளை பார்க்கும் ஆயாவிடமும் பாட்டியிடமும் இதைச் சொல்லி வையுங்கள்.

போனை எடுத்து வைத்து இரண்டு மூன்று வாரமாகியும் களைப்புத் தீரவில்லையென்றால் கிளினிக்கிற்கு அழைத்துச் செல்லுங்கள். இரத்தச் சோகையோ பார்வைக் கோளாறோ இருக்கலாம்.

தூங்காத பிள்ளையெல்லாம் விளையாடிக்கொண்டிருக்கிறது என்றும் எண்ணிவிடாதீர்கள். முகம் தெரியாத ஒருவன் நட்பாகப் பேசிப் படம் வாங்கிவிட்டு, "பணம் கொடு, இல்லாட்டி எல்லாருக்கும் அனுப்புவேன்" என்று மிரட்டுவது நடக்கிறது. அடி விழும் என்ற பயத்தில் பிள்ளை வாய் திறக்காது. பிள்ளை வந்து சொன்னால் அடிக்காமல் கேளுங்கள். பணம் அனுப்பாதீர்கள். வந்த செய்திகளை அழிக்காமல் போலீசில் புகார் செய்யுங்கள். தாலியான் காசே 15999 என்ற எண்ணில் 24 மணி நேரமும் பேசலாம்.