சுழற்றுவதா, விடை சொல்வதா?

1987-இல் கேம்டெக் வெளியிட்ட ‘வீல் ஆஃப் ஃபார்ச்சூன்’ கணினி விளையாட்டை இன்றும், பழைய டாஸ் நிரல்களை ஓட்டும் டாஸ்பாக்ஸ் மென்பொருளில் ஓட்டி விளையாடுகிறேன். மெர்வ் கிரிஃபின் உருவாக்கி, 1975-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய போட்டிதான் மூலம். சக்கரத்தைச் சுழற்றி, விழுந்த தொகைக்கு ஒரு மெய்யெழுத்தைக் கேட்க வேண்டும். பலகையில் மறைந்திருக்கும் விடையை மற்ற இரு போட்டியாளர்களும் சொல்வதற்குள் சொல்லிவிட வேண்டும்.

நம்மைப் போல ஆங்கிலத்தைப் புத்தகத்தில் படித்தவர்களுக்கு ‘ஃப்ரேஸ்’ (சொற்றொடர்) வகைப் புதிர்தான் கடினம். அமெரிக்கப் பேச்சுவழக்கு நமக்குக் காதில் விழுந்தே இருக்காது. அதனால் நான் அர்த்தத்தைத் தேடுவதில்லை, காலிக் கட்டங்களின் அமைப்பைத்தான் பார்ப்பேன். ஒற்றைக் கட்டம் என்றால் ‘ஏ’ அல்லது ‘ஐ’. மூன்று கட்டச் சொல் தொடக்கத்தில் வந்தால் முதல் சந்தேகம் ‘தி’ மீது. நீளமான சொல்லின் கடைசி மூன்று கட்டங்களில் ‘ஐஎன்ஜி’ ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம். டி, என், எஸ், ஆர் இந்த நான்கையும் கேட்டுவிட்டால் பலகை ஓரளவு தெளிந்துவிடும். தொலைக்காட்சியின் இறுதிச் சுற்றிலும் பெரும்பாலோர் ஆர், எஸ், டி, எல், என், இ என்றே கேட்டதால், 1988-இல் அந்த ஆறையும் நிகழ்ச்சி நடத்துபவர்களே கொடுக்கத் தொடங்கினார்கள்!

உயிரெழுத்து வாங்க 250 டாலர். புதிதாக விளையாடுபவர்கள் அதை வீண்செலவு என்று நினைத்துத் தவிர்க்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. ‘இ’ ஐந்து இடத்தில் இருந்தாலும் விலை அதேதான். வாங்கும்போது சக்கரம் சுழலாது, அந்தச் சுற்றில் சேர்த்த பணத்தையெல்லாம் பறிக்கும் ‘பேங்க்ரப்ட்’ கட்டத்தில் விழும் பயமும் இல்லை. மெய்யெழுத்தின் கணக்கு வேறு: 500 டாலருக்கு ‘என்’ கேட்டு, அது மூன்று இடத்தில் இருந்தால் 1,500. எனவே பெரிய தொகை விழும்போது அபூர்வ எழுத்தைக் கேட்காமல், அதிக முறை வரக்கூடியதைக் கேளுங்கள்.

எப்போது நிறுத்துவது என்பதுதான் இந்த விளையாட்டின் உயிர். விடை சொல்பவருக்கு மட்டுமே அந்தச் சுற்றின் பணம் சேரும். மற்றவர்கள் சேர்த்தது போய்விடும். ஆகவே திரையில் தெரியும் 3,000 டாலர், விடை சொல்லும்வரை உங்களுடையதல்ல. விடை தெரிந்துவிட்டது, மீதி எழுத்து ஒன்றே ஒன்று, அதுவும் ஒரே இடத்தில் என்றால், சில நூறு டாலருக்காக மொத்தத்தையும் பணயம் வைக்காதீர்கள். ஒரே எழுத்து மூன்று நான்கு இடத்தில் காத்திருந்தால் நானும் இன்னொரு முறை சுழற்றுவேன். ஆனால் இரண்டாவது முறை சுழற்ற மாட்டேன். விடையைத் தட்டச்சு செய்யும்முன் ஸ்பெல்லிங்கை மனதுக்குள் ஒருமுறை ஓட்டிப் பார்ப்பதும் அவசியம்.

கடைசியாக ஒரு குறிப்பு: டாஸ்பாக்ஸில் விளையாட்டு தாறுமாறான வேகத்தில் ஓடினால் கன்ட்ரோல்-எஃப்11 அழுத்துங்கள், வேகம் குறையும். இழுத்து இழுத்து ஓடினால் கன்ட்ரோல்-எஃப்12.