கல்லுக்குள் எண்ணெய்

பூமிக்கு அடியில் எண்ணெய் ஏரியைப்போல் தேங்கி நிற்கிறது என்று பலர் எண்ணுகின்றனர். அஃது உண்மையன்று. ஈர மணலில் நீர் தங்குவதைப்போல, பாறையிலுள்ள நுண்துளைகளில்தான் எண்ணெய் தங்கியிருக்கிறது. உலகின் எண்ணெய் இருப்பில் பாதிக்கும் மேற்பட்டது சுண்ணாம்புக்கல் போன்ற கார்பனேட் பாறைகளில் உள்ளதாகக் கணிக்கப்படுகிறது.

சவூதி அரேபியாவின் கவார் எண்ணெய் வயல் இதற்குச் சிறந்த சான்றாகும். 1948ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இவ்வயல், ஏறக்குறைய 280 கிலோமீட்டர் நீளமும் 30 கிலோமீட்டர் அகலமும் கொண்டது. இன்று பாலைவனமாகக் காட்சியளிக்கும் அவ்விடம், ஏறத்தாழ 150 மில்லியன் ஆண்டுகளுக்கு முன்னர் ஆழமற்ற வெப்பக் கடலாக இருந்தது. கடல்வாழ் உயிரினங்களின் ஓடுகளும் சுண்ணாம்புச் சேறும் கடலடியில் படிந்து, காலப்போக்கில் இறுகிப் பாறையாயின. அலை மிகுந்த இடத்தில் பருமனான துகள்களும் அமைதியான நீரில் நுண்ணிய சேறும் படிந்தன. கடல்நீர் ஆவியானபோது அன்ஹைட்ரைட் என்னும் கனிமம் படிந்தது. அதுவே எண்ணெய் மேலே கசியாதவாறு மூடிபோல் காத்து வருகிறது.

இவ்வாறு உருவான பாறை, குவே லாப்பிஸ் பலகாரத்தைப்போல் அடுக்கடுக்காக அமைந்திருக்கும். ஆயினும், எல்லா அடுக்குகளும் ஒரே தன்மையுடையவை அல்ல. சிலவற்றில் துளைகள் நிறைய இருந்தாலும், அவை ஒன்றோடொன்று இணைந்திரா. அவற்றில் எண்ணெய் எளிதில் நகராது. வேறு சிலவற்றிலோ துளைகள் நன்கு இணைந்திருப்பதால் எண்ணெய் விரைந்து பாயும்.

இவ்வேறுபாட்டை அறியாவிட்டால் என்ன நேரும்? எண்ணெயைக் கிணற்றை நோக்கித் தள்ளுவதற்காகப் பாறைக்குள் நீரைச் செலுத்துவர். நீர் எப்போதும் எளிய வழியையே நாடும். துளைகள் நன்கு இணைந்த மெல்லிய அடுக்கு ஒன்று இருந்தால், நீர் அதன் வழியே விரைந்து கிணற்றை அடைந்துவிடும். மற்ற அடுக்குகளிலுள்ள எண்ணெய் பின்தங்கிவிடும். அடுக்குகள் அனைத்துக்கும் சராசரி கண்டு திட்டமிட்டால் இந்த ஆபத்து கண்ணுக்குத் தெரியாது.

எனவே, நிலவியலாளர்கள் ஒவ்வோர் அடுக்கையும் தனித்தனியே ஆராய்கின்றனர். கிணற்றிலிருந்து உருளை வடிவில் பாறையை வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் காண்கின்றனர். அளவுக்கருவிகளைக் கிணற்றுக்குள் இறக்கிச் சோதிக்கின்றனர். ஆனால், இரு கிணறுகளுக்கு இடையே உள்ள பாறையை எவராலும் நேரில் காண இயலாது. அதனை ஊகித்தறிய அபுதாபிக் கடற்கரை போன்ற இடங்கள் உதவுகின்றன. அங்கே இன்றும் சுண்ணாம்புச் சேறு படிந்து வருகிறது. இன்றைய கடற்கரையைக் கூர்ந்து நோக்குபவரே பழங்காலக் கடலின் அமைப்பை அறிகின்றனர்.