இன்ஷூரன்ஸ் வக்கீலும் சொற்பொருளும்

தமிழ் கற்போர்க்குக் கோர்ட்டில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைப்பதுண்டு. இன்ஷூரன்ஸ் வழக்குகளை நடத்தும் சிவில் வக்கீலின் தொழிலை நோக்குங்கால் அந்நகைப்பு நில்லாது. ஒரு சொல்லுக்குப் பொருள் காண உரையாசிரியர் படும் பாட்டையே அவரும் படுகின்றார். ஆயின் ஈண்டுச் சொல் பிழைத்தால் ஒரு குடும்பத்தின் பிழைப்பே போகும்.

2023 ஆம் ஆண்டு டிசம்பர் 17, 18 ஆகிய நாட்களில் தாமிரபரணி கரைபுரண்டதை நாம் மறந்திலேம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. நெல்லையிற் கடைகளிலும் வீடுகளிலும் நீர் புகுந்தது. இத்தகைய அழிவின்பின் வருவோரிடம் வக்கீல் முதலிற் கேட்பது பாலிசியைத்தான். ஆறுதல் பின்னரே, இதனைக் கன்மனம் என்று நாம் கருதோம். நீரில் நின்ற மோட்டார் வண்டியை வடியுமுன் முடுக்கி எஞ்சின் கெட்டதாயின், அது வெள்ளம் விளைத்த நஷ்டமா, முடுக்கினமையால் வந்ததா? எஞ்சினுக்குத் தனிக்காப்பு எடுத்திருந்தாலன்றிக் கம்பெனிகள் பெரும்பாலும் மறுத்துவிடும். நஷ்டம் பாலிசியுள் அடங்கும் என மெய்ப்பித்தல் பாலிசிதாரர் கடன். விலக்கு ஒன்று உண்டெனின் அதனை மெய்ப்பித்தல் கம்பெனியின் கடன். ஸர்வேயரின் அறிக்கையும் மாற்றவொண்ணாத முடிவன்று எனச் சுப்ரீம் கோர்ட்டு 2009 இல் தீர்ப்பளித்துள்ளது.

2004 ஆம் ஆண்டின் இரு தீர்ப்புகள் நம் போன்ற மாணவர்க்கு மிகவும் சுவை தருவன. சாலையில் நெருங்கிச் சென்ற புல்டோஸரின் அதிர்ச்சியால் ஓர் அச்சகத்தின் கட்டடமும் இயந்திரமும் சேதமுற்றன. பாலிசியிற் கண்டது ‘இம்பாக்ட்’ என்னுஞ் சொல். வண்டி வந்து மோதவில்லையே என்றது கம்பெனி. ஐயத்திற்கிடமான சொல்லை அதனை எழுதினவர்க்கு மாறாகவே கொள்ளல் வேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டு அச்சகத்தார்க்குச் சார்பாகத் தீர்த்தது. அவ்வாண்டிலேயே வந்த களவு வழக்கொன்றிலோ, பலாத்காரத்தால் உட்புகுந்து திருடினாலே பணம் என்று பாலிசி தெளிவாகக் கூறிற்று. அங்ஙனம் புகுந்தமை காணப்படாமையால் பொருளிழந்தவர் தோற்றார். இரக்கம் இருந்தும் தெளிந்த சொல்லைக் கோர்ட்டு மாற்றி எழுதாது.

ஆயுள் இன்ஷூரன்ஸில் நோயை மறைத்தார் என்னும் வாதமே மிகுதி. 1938 ஆம் ஆண்டுச் சட்டத்தின் 45 ஆம் பிரிவு அவ்வாதத்திற்குக் காலவரை வகுத்தது. 2015 இற் செய்த திருத்தத்தின்படி மூன்றாண்டு கழிந்தபின் எக்காரணத்தாலும் பாலிசியை எதிர்த்தல் இயலாது. கணவனை இழந்தவள் கையில் இப்பிரிவு எத்துணைப் பெரிய துணை!

கம்பெனிக்காக வாதிப்போரைக் கொடியர் என்றல் எளிது. பொய் வழக்குகளுக்கும் பணம் ஈந்தால் அச்சுமை பிரீமியம் கட்டும் ஏனையோர்மேல் விழுமன்றோ?

பட்டம் பெற்றபின் மூன்றாண்டு சட்டம் பயிலலாம். அரசினர் சட்டக் கல்லூரி பாளையங்கோட்டையிலேயே உளது. பின்னர் பார் கவுன்சிலிற் பதிவு செய்து, அகில இந்தியப் பரீட்சையும் தேறல் வேண்டும். ஹைக்கோர்ட்டு வழக்குகட்கு 2004 முதல் மதுரைக் கிளை உண்டு; சென்னை வரை செல்ல வேண்டுவதில்லை. பாலிசிகளோ பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ளன. அவற்றிற் கையெழுத்திட்ட கடைக்காரர்க்கு ஒவ்வொரு விலக்கையும் நல்ல தமிழில் விளக்கிச் சொல்ல, தமிழ் கற்ற வக்கீலினும் தக்கார் யாவர்?