ஈசியூ ரீமேப்: உரிமையாளர் மீது விழும் பொறுப்பு

கேள்வி: ஸ்கோடா ஸ்லாவியா 1.5 லிட்டர் டர்போ செடானின் ஈசியூவை ரீமேப் செய்து, 150 பிஎஸ் திறனைக் கூட்டித் தருவதாக ஒரு பட்டறை சொல்கிறது. பாகம் எதையும் மாற்றாததால் ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டாம் என்கிறார்கள். இது சரியா? வாரண்டியும் இன்சூரன்ஸும் பாதிக்கப்படுமா?
- வாசகர், கோயம்புத்தூர்

பதில்: எரிபொருளின் அளவு, தீப்பொறியின் நேரம், டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் கணினியே ஈசியூ; அதிலுள்ள அட்டவணைகளைத் திருத்தி எழுதுவது ரீமேப். பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்தவற்றோடு முரண்படும்படி உரிமையாளர் வாகனத்தை மாற்றலாகாது என்கிறது 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. வாகனத்தின் அமைப்பில் செய்யப்பட்டு அதன் அடிப்படைத் தன்மையை மாற்றிவிடுவதே இங்கு மாற்றம் எனப்படும் என்று அப்பிரிவின் விளக்கம் கூறுவதால், பட்டறையின் வாதம் முற்றிலும் ஆதாரமற்றது எனத் தள்ளிவிட இயலாது. எனினும் பதிவுக்கான படிவம் 20 கேட்கும் விவரங்களில் குதிரைத்திறனும் ஒன்று. தவிர, கேரளத்திலிருந்து வந்த கே. ஜெயச்சந்திரா வழக்கில் 2019 ஜனவரி 9 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், உற்பத்தியாளரின் விவரக்குறிப்புக்கு மாறான மாற்றங்களுக்கு இப்பிரிவு இடம் தரவில்லை என்று உறுதியாகவே கூறியுள்ளது. அனுமதியற்ற மாற்றத்துக்கு, 2019 திருத்தத்தால் சேர்க்கப்பட்ட 182ஏ(4) உட்பிரிவு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டையும் விதிக்கிறது. அந்த உட்பிரிவு குறிவைப்பது வாகன உரிமையாளரை. பட்டறைக்காரர் அவ்வளவு துணிவோடு பேசுவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

52ஆவது பிரிவைவிட வலுவான தடை மாசு விதிகளிலிருந்து வருகிறது. வாகனம் சந்தைக்கு வருமுன் பெறும் வகை ஒப்புதல், தொழிற்சாலை மென்பொருளோடு சோதிக்கப்பட்ட என்ஜினுக்கு உரியது. ரீமேப்பின் விளைவு அதிகச் சுமையில்தான் வெளிப்படும். மாசுச் சான்றிதழுக்கான சோதனையோ நிறுத்திய காரில், சுமையின்றி நடக்கிறது. ஆகவே அச்சான்றிதழைப் பெற்றுவிட்டதால் மாற்றம் சட்டப்படியானது ஆகிவிடாது. ‘ஸ்டேஜ் 2’ என்ற பெயரில் கேட்டலிடிக் கன்வெர்ட்டரையும் கழற்றுவார்களாயின் ஐயத்துக்கே இடமில்லை: மாசு, ஒலித் தரங்களை மீறிய வாகனத்தைப் பொதுச் சாலையில் ஓட்டுவதற்கு 190(2) பிரிவின்படி முதல் முறை மூன்று மாதம் வரை சிறையோ 10,000 ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்கப்படலாம், ஓட்டுநர் உரிமமும் மூன்று மாதத்துக்குத் தகுதியிழக்கும்.

வாரண்டியைப் பொறுத்தவரை, இந்தக் காரின் டிஎஸ்ஜி வகையில் உள்ள உலர் கிளட்ச் கியர்பாக்ஸ் 250 நியூட்டன் மீட்டர் வரையிலான முறுக்குவிசைக்கென வடிவமைக்கப்பட்டது. என்ஜினின் தொழிற்சாலை முறுக்குவிசையும் அதே 250. ரீமேப் முதல் நாளிலேயே அந்த வரம்பைத் தாண்டிவிடும் என்பதால், பின்னர் கிளட்ச் கருகினால் நுகர்வோர் ஆணையத்தில் உரிமையாளரின் வழக்கு நிற்பது கடினம். பவர் விண்டோ பழுதானதற்கு ரீமேப்பைக் காரணம் காட்டினால் மட்டும் நிறுவனத்தின் மறுப்பை எதிர்க்க வழியுண்டு. பழைய மென்பொருளை மீண்டும் ஏற்றிவிட்டால் தெரியாது என்பதையும் நம்ப வேண்டாம்; எத்தனை முறை எழுதப்பட்டது என்ற எண்ணிக்கையைப் பல ஈசியூக்கள் பதிந்துவைக்கின்றன. பழுதுக்கும் மாற்றத்துக்கும் தொடர்புண்டு என நிறுவனமே மெய்ப்பிக்க வேண்டும் என்று காணொளிகளில் சொல்லப்படுவது, பெரும்பாலும் அமெரிக்காவின் 1975ஆம் ஆண்டு மேக்னசன்-மாஸ் வாரண்டிச் சட்டத்தை வைத்து. அச்சட்டம் இங்கே செல்லாது.

இன்சூரன்ஸில் இரு பகுதிகளைப் பிரித்தறிவது அவசியம். சொந்தச் சேதத்துக்கான பகுதி ஒப்பந்தத்தைச் சார்ந்தது. தெரிவிக்காத மாற்றத்தைச் சர்வேயர் கண்டால், கோரிக்கை குறைக்கப்படவோ மறுக்கப்படவோ கூடும். மூன்றாம் நபருக்கான இழப்பீட்டில் நிறுவனம் எழுப்பத்தக்க எதிர்வாதங்களை 150ஆவது பிரிவு வரையறுக்கிறது. ரீமேப் அவற்றில் தனியாக இடம்பெறவில்லை என்றாலும், முக்கிய உண்மையை மறைத்துப் பாலிசி பெற்றது ஓர் எதிர்வாதமாகும். ஆதலால் ரீமேப் செய்துவிட்டவர் புதுப்பிக்குமுன் அதை எழுத்தில் தெரிவித்து, நிறுவனத்தின் பதிலையும் எழுத்தில் பெறுவதே பாதுகாப்பானது. அவ்வாறு தெரிவிப்பது 52ஆவது பிரிவின் மீறலைப் போக்காது.

செட்டிப்பாளையம் கரி மோட்டார் ஸ்பீட்வே போன்ற பந்தயத் தடத்துக்காக மட்டுமே மாற்றம் செய்யப்படுகிறது என்ற படிவத்தில் பட்டறை கையெழுத்துக் கேட்கக்கூடும். பதிவு எண்ணோடு அதே கார் அவிநாசி சாலைக்குத் திரும்பினால், அப்படிவம் காப்பது பட்டறையை மட்டுமே.