எந்தப் பிழைச் செய்தியும் வராது

மெயின்ஃப்ரேம் நெட்வொர்க்கில் ஒரு செஷன் எந்தப் பாதையில், எந்த முன்னுரிமையில் போகும் என்று சொல்லும் சேவை வகுப்பு (காஸ்) தப்பாகக் கிடைத்துவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. திரை வரும், பரிவர்த்தனை முடியும், கொஞ்சம் மெதுவாக. அதுவும் பகலில் சில மணி நேரம் மட்டும். "ஸ்லோவா இருக்கு" என்ற புகார் முதலில் டேட்டாபேஸ் ஆட்களிடம் போகும். அவர்கள் பரிவர்த்தனைகளை நடத்தும் சிஐசிஎஸ் ஆட்களைக் கைகாட்டுவார்கள். எல்லோரும் கைவிரித்த பிறகுதான், மெயின்ஃப்ரேமின் நெட்வொர்க் மென்பொருளான விடாமைப் பார்க்கிற என் மேசைக்கு வரும்.

ஐபிஎம் 1974-இல் அறிவித்த எஸ்என்ஏ என்ற நெட்வொர்க் கட்டமைப்பின் பழைய வடிவம் சப்ஏரியா. அதில் பாதைகளை நாமே உட்கார்ந்து எழுதிவைக்க வேண்டும். பிறகு வந்த ஏபிபிஎன், இணைப்புகளின் தன்மையை வைத்துத் தானே பாதை கணக்கிடும். அந்தப் போக்குவரத்தை யுடிபி பாக்கெட்டில் ஏற்றி ஐபி வழியே அனுப்புவது என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டர். 1998-இல் ஆர்எஃப்சி 2353 ஆக வெளியானது. புதியது வந்துவிட்டது என்பதற்காகப் பழையதை உடனே தூக்கிப் போடுகிற வங்கியை நான் பார்த்ததில்லை. மூன்றும் ஒரே தளத்தில் ஓடும். சப்ஏரியாவுக்கும் ஏபிபிஎன்னுக்கும் நடுவில் இன்டர்சேஞ்ச் நோடாக ஒரு விடாம் நின்று இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருக்கும்.

புதிதாக வருகிறவர்களுக்கு நான் முதலில் காட்டுவது, செஷனின் தன்மைகளை லாக்மோட் என்ற பெயர்களில் எழுதிவைக்கும் மோட் டேபிளை. லாக்மோட் பெயர் ஒன்றுதான், ஆனால் அதற்குக் கீழே இரண்டு வகுப்புப் பெயர் எழுத இடம் உண்டு. 'காஸ்' என்ற இடத்தில் எழுதுவது சப்ஏரியாவுக்கு, 'ஏபிபிஎன்காஸ்' என்ற இடத்தில் எழுதுவது ஏபிபிஎன்னுக்கு. ஒன்றைத் திருத்தினால் மற்றது தானாகத் திருந்தாது. எண்பதுகளில் யாரோ எழுதி, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வந்த டேபிள்களில் இரண்டாவது இடத்தைப் பிற்பாடு வந்தவர்கள் அவசரத்தில் நிரப்பியிருப்பார்கள்.

சப்ஏரியாவில் டெர்மினல் பக்கத்து விடாம் தன் மோட் டேபிளைப் பார்த்து வகுப்பின் பெயரை எடுத்துத் தரும். அந்தப் பெயருக்கு என்ன பாதை என்பதை அப்ளிகேஷன் பக்கத்து விடாம் தன்னுடைய காஸ் டேபிளில் தேடும். 0 முதல் 7 வரை விர்ச்சுவல் ரூட், ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என முன்னுரிமை. பட்டியலில் மேலிருந்து கீழாகப் பார்த்து முதலில் கிடைப்பதை எடுத்துக்கொள்ளும். பெயர் ஓர் ஊரில், அதன் அர்த்தம் வேறோர் ஊரில். ஒரே ஒரு ஹோஸ்டின் டேபிளைத் திறந்து பார்த்துவிட்டு "எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு" என்று சொல்பவரை நான் நம்புவதில்லை.

ஏபிபிஎன் பக்கம் #இன்டர், #கனெக்ட், #பேட்ச் என்று ஐபிஎம் தரும் வகுப்புகளே பெரும்பாலான வேலைக்குப் போதும். முன்னுரிமை முறையே ஹை, மீடியம், லோ. நெட்வொர்க்கின் கட்டுப்பாட்டுச் செய்திகளுக்கு இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு படி.

ஒரு வங்கித் தளத்தில் டெல்லர் திரைகள் மதியத்தில் தவழ்ந்தன. அதே நேரத்தில் ஒரு பெரிய ஃபைல் டிரான்ஸ்ஃபர் ஓடும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அது பேட்ச், கீழ் முன்னுரிமைதானே என்று விட்டிருந்தார்கள். டெர்மினல் செஷன் ஒன்றின் எண்ணைக் கொடுத்து டிஸ்ப்ளே செஷன்ஸ் போட்டேன். ஐஎஸ்டி933 செய்தியில் லாக்மோட் பெயர் சரி, காஸ் வெற்று. பலர் இந்த வரியோடு நின்றுவிடுவார்கள். அது சப்ஏரியாவின் கதை. ஏபிபிஎன்னின் வகுப்பு ஐஎஸ்டி875-இல் தனியாக வரும். அங்கே #கனெக்ட். டிரான்ஸ்ஃபர் செஷனைப் பார்த்தால் அதிலும் #கனெக்ட்.

உறுதிப்படுத்த, ஏபிபிஎன் செஷன்களைச் சுமக்கும் ஆர்டிபி குழாய்களைப் பட்டியலிட்டேன். இரண்டு முனைகளுக்கு நடுவே வகுப்புக்கு ஒரு குழாயாவது தனியாக இருக்க வேண்டும். அங்கே #கனெக்ட் குழாய் மட்டும்தான். இந்தப் பட்டியலை இப்போதெல்லாம் முதலிலேயே போட்டுப் பார்க்கிறேன், ஒரே பார்வையில் நிலவரம் தெரிந்துவிடும். ரூட்டர் பார்க்கும் தம்பியிடம் போர்ட் வாரியாகக் கணக்கு கேட்டேன்.

"சார், எல்லாமே 12003-லதான் போகுது. 12002, 12004 ரெண்டும் ஜீரோ சார்."

என்டர்பிரைஸ் எக்ஸ்டெண்டரில் 12000 இணைப்பை நிறுவிக் காக்க, 12001 நெட்வொர்க் முன்னுரிமைக்கு, 12002 ஹை, 12003 மீடியம், 12004 லோ. அவர் சொன்னதில் விஷயம் முடிந்துவிட்டது.

காரணம் இரண்டு. டிரான்ஸ்ஃபருக்கான லாக்மோடை யாரோ டெர்மினல் லாக்மோடிலிருந்து நகலெடுத்து, ஏபிபிஎன்காஸை அப்படியே விட்டிருந்தார்கள். டெர்மினல் லாக்மோடோ, தளத்தார் தாங்களாகவே பெயர் வைத்த ஒரு வகுப்பைக் கேட்டது. அந்த வகுப்பு ஒரு ஹோஸ்டில் இருந்தது, இன்னொன்றில் இல்லை. இல்லாத இடத்தில் செஷன் தோற்றிருக்க வேண்டும். ஆனால் விடாமின் ஸ்டார்ட் ஆப்ஷனில், தெரியாத வகுப்பு வந்தால் #கனெக்ட் கொடு என்று எழுதியிருந்தது. இந்த ஆப்ஷன் ஐபிஎம் தரும்போது 'நன்' என்றுதான் இருக்கும். உற்பத்தித் தளத்தில் அதை மாற்றுபவர்களின் பயம் எனக்குப் புரிகிறது. சோதனைத் தளத்தில் மட்டும் 'நன்' என்றே விட்டுவையுங்கள் என்பேன். அங்கே செஷன் உடைந்தால் யாராவது காரணம் தேடுவார்கள்.

சொந்தப் பெயரில் வகுப்பு உண்டாக்கும் ஆசை வந்தால், செஷன் தொடங்கக்கூடிய ஒவ்வொரு விடாமிலும், நடுவில் நிற்கும் இன்டர்சேஞ்ச் நோடுகளிலும் அதே வரையறை இருக்கிறதா என்று யார் பார்ப்பார்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஆள் இல்லையென்றால் #இன்டர் போதும்.

டெர்மினலுக்கு #இன்டர், டிரான்ஸ்ஃபருக்கு #பேட்ச் என்று திருத்தி, மோடிஃபை டேபிள் கட்டளையால் புதிய டேபிளை ஏற்றினோம். ஏற்றிய உடனே பார்த்துவிட்டு "ஒண்ணும் மாறலையே" என்பார்கள். வகுப்பு செஷன் தொடங்கும்போது ஒட்டுவது. ஏற்கெனவே ஓடும் செஷன் பழைய வகுப்பிலேயே கடைசிவரை ஓடும். லாக்ஆஃப் செய்து திரும்ப வந்தவருக்குத்தான் பலன். நாள்கணக்கில் விழாமல் நிற்கும் அப்ளிகேஷன் செஷன்களை மறுதொடக்கப் பட்டியலில் தனியாகச் சேர்க்க வேண்டியிருந்தது.

ஐபி பக்கம் இன்னொரு கதை. ஹை பாக்கெட்டின் தலைப்பில் முன்னுரிமை பிட்டுகள் 100 என்றும், மீடியத்தில் 010 என்றும், லோவில் 001 என்றும் மெயின்ஃப்ரேம் எழுதி அனுப்பும். வெளியே போகிற ரூட்டர் அதைத் துடைத்துவிட்டு 000 போட்டால் விடாமில் செய்த வேலையெல்லாம் வீண். இரண்டு முனையிலும் பாக்கெட் டிரேஸ் எடுத்து ஒப்பிடாமல் "மார்க்கிங் போகுது" என்ற வாய்வார்த்தையை ஏற்காதீர்கள். ஃபயர்வாலில் ஐந்து போர்ட்டும் திறந்திருக்கின்றனவா என்றும் பாருங்கள். 12000, 12001 மட்டும் திறந்திருந்தால் இணைப்பு எழும், கட்டுப்பாட்டுச் செஷன்கள் எழும், பயனர் செஷன் மட்டும் எழாது. அதைப் பார்த்து மோட் டேபிளைப் புரட்டிக்கொண்டிருப்பது வீண்வேலை.

வகுப்பு சரியாக இருந்தும் செஷன் பழைய வழியிலேயே போனால், பாதை தேர்ந்தெடுக்க ஏபிபிஎன் இணைப்புகளுக்குத் தரும் எடையைப் பாருங்கள். சப்ஏரியா பாதையின் மேல் ஏபிபிஎன் இணைப்புபோலக் காட்டிக்கொள்ளும் ஒன்று இருக்கும். அதன் டிஜி (இணைப்பு) எண் வழக்கமாக 255. டிஸ்ப்ளே டோப்போ கட்டளையில் இரு முனைகளின் பெயரோடு ஏபிபிஎன்காஸ் பெயரையும் கொடுத்தால், அந்த வகுப்புக்கு ஒவ்வொரு இணைப்பின் எடை என்ன என்று வரும். குறைந்த எடையே வெல்லும். டிஜி புரொஃபைல் எழுதாத வேகமான ஐபி இணைப்பை விடாம் தவழும் லைன் என்றே நினைத்துக்கொள்ளும். ஐபிஎம் மாதிரி நூலகத்தில் தரும் புரொஃபைல்களை விடாம் பட்டியலுக்கு நகலெடுத்து, இணைப்புக்கு ஏற்றதைக் குறிப்பிட்டு, எடையை மறுபடி பார்த்துவிட்டுத்தான் காஸ் டேபிளில் கைவைக்க வேண்டும்.