பிரௌசர் புதுப்பிக்கப்பட்டதும் இணையத்தளம் குலைவது ஏன்?

கடையின் கதவு பூட்டிக் கிடந்தால் வந்த வாடிக்கையாளர் பக்கத்துக் கடையிலாவது விசாரிப்பார். இணையத்தளத்துக்கு வருபவர் அப்படி எவரிடமும் விசாரிப்பதில்லை. பக்கம் குலைந்து கிடந்தால் அதை மூடிவிட்டு வேறொரு வியாபாரியின் தளத்துக்குப் போய்விடுவார். அவர் வந்ததும் எமக்குத் தெரியாது, போனதும் தெரியாது. எனவே இணையத்தளம் வைத்திருக்கும் வர்த்தகர்கள் இந்த விடயத்தைக் கொஞ்சமாவது அறிந்து வைத்திருப்பது நல்லது.

"எங்கள் தளத்தில் ஒருவரும் கை வைக்கவில்லை. நேற்று வரை நன்றாக இருந்தது. பிரௌசர் அப்டேட் ஆனதும் எழுத்தும் படமும் ஒன்றன் மேல் ஒன்று ஏறி நிற்கிறது." சிறு நிறுவனங்களின் இணையத்தளங்களைப் பராமரித்துக் கொடுப்பவன் என்ற வகையில் நான் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு இது. அடுத்து வரும் கேள்வி, "பழைய பிரௌசரையே திரும்பப் போட முடியாதா?" என்பதாகும். உங்கள் கணினியில் போட்டாலும், வாடிக்கையாளரின் கணினியில் யார் போடுவது?

வரைபடமும் மேசன் பாஸும்

இணையத்தளம் உங்கள் கணினிக்கு முழுப் பக்கத்தையும் ஒரு படமாக அனுப்புவதில்லை. எது தலைப்பு, எது படம், எந்தப் பெட்டி எவ்வளவு அகலம் என்று எழுதிய கட்டளைகளையே அனுப்புகிறது. அந்தக் கட்டளைகள் வீட்டு வரைபடம் போன்றவை. பிரௌசர்தான் மேசன் பாஸ். பாஸ் மாறும்போது வரைபடத்தில் இருக்கும் தெளிவில்லாத இடங்களை அவர் வேறு விதமாக விளங்கிக்கொள்ளக்கூடும்.

எல்லா பாஸ்மாரும் ஒரே மாதிரி விளங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே நியமங்கள் வகுக்கப்பட்டன. உலகளாவிய வலையை உருவாக்கிய டிம் பேர்னர்ஸ்-லீ 1994இல் இதற்கென உலகளாவிய வலைக் கூட்டமைப்பைத் தொடங்கினார். பக்கத்தின் தோற்றத்தை விவரிக்கும் சீ.எஸ்.எஸ். என்ற நியமத்தின் முதற் பதிப்பு 1996 டிசம்பரில் வெளியானது. நியமம் இருந்தும் எல்லா நிறுவனங்களும் அதனை அப்படியே பின்பற்றவில்லை. சிக்கல் அங்கேதான் ஆரம்பமானது.

உள்ளளவா, வெளியளவா?

கார்ட்போர்ட் பெட்டி வாங்கும் வியாபாரிக்கு இது உடனே விளங்கும். பெட்டியின் அகலம் என்று சொன்னால் உள்ளளவா, வெளியளவா என்று முதலில் கேட்க வேண்டும். பிரௌசர்களுக்கிடையிலும் இதே தகராறு இருந்தது.

ஒரு பெட்டியின் அகலம் 300 புள்ளிகள் என்று வைத்துக்கொள்வோம். உட்புற இடைவெளி இரு பக்கமும் 20 வீதம், கரைக்கோடு இரு பக்கமும் 5 வீதம். நியமத்தின்படி 300 என்பது உள்ளளவு. ஆகவே மொத்த அகலம் 350. மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் பழைய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரோ 300 என்பதை வெளியளவாக எடுத்துக்கொண்டது. இப்படிப்பட்ட மூன்று பெட்டிகளை 900 புள்ளி அகலத்தில் அடுக்கினால் பழைய கணக்கில் சரியாகப் பொருந்தும். நியமக் கணக்கில் 1050 தேவை. எனவே மூன்றாவது பெட்டி கீழே இறங்கிவிடும்.

2001இல் வந்த எக்ஸ்ப்ளோரர் 6, பக்கத்தின் தலையில் டொக்டைப் என்ற ஒரு வரி முறையாக இருந்தால் நியம அளவையும், இல்லாவிட்டால் பழைய அளவையும் பின்பற்றியது. அந்த ஒரு வரி விடுபட்டால் பக்கத்தைப் பழைய முறையில் வாசிக்கும் வழக்கம் இன்றைய பிரௌசர்களிலும் இருக்கிறது. எந்த அளவைக் கொள்வது என்பதை வடிவமைப்பாளரே பக்கத்தில் எழுதிவிடும் வசதியும் இன்று உண்டு.

ஐந்து வருடப் பழக்கம்

2002, 2003ஆம் ஆண்டுகளில் இணையம் பார்த்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் எக்ஸ்ப்ளோரரையே பயன்படுத்தினார்கள். 6ஆம் பதிப்புக்குப் பின் ஐந்து வருடங்கள் புதிய பதிப்பு வரவில்லை. வடிவமைப்பாளர்கள் அதன் குறைகளுக்கு ஏற்பப் பக்கங்களை வளைத்து எழுதப் பழகினார்கள். அந்தப் பிரௌசருக்கு மட்டும் தெரியும் இரகசிய வரிகளையும் சேர்த்தார்கள். 2006 ஒக்டோபரில் 7ஆம் பதிப்பு வந்தது. குறைகளில் பல திருத்தப்பட்டன, இரகசிய வரிகளில் முக்கியமானவை செல்லாமல் போயின. திருத்தம் வந்ததாலேயே பக்கங்கள் குலைந்தன.

2007இல் புறக்கோட்டைத் துணி வியாபாரி ஒருவரின் தளத்தை நான் பார்க்க நேர்ந்தது. வெளியூர்க் கட்டளைகளைப் பெறும் படிவத்தில் "அனுப்புக" என்ற பொத்தானைக் காணவில்லை. அந்தப் படிவம் குறிப்பிட்ட உயரமுள்ள ஒரு பெட்டிக்குள் இருந்தது. உள்ளே பொருள் கூடினால் 6ஆம் பதிப்பு பெட்டியைத் தானாக நீட்டிவிடும். நியமப்படி நடக்கும் 7ஆம் பதிப்பு நீட்டவில்லை. மிஞ்சியது வெளியே வழிந்து, கீழே இருந்த சாரிப் படத்தின் அடியில் மறைந்துவிட்டது. உயரத்தைக் குறிப்பிட்ட ஒரு வரியை மாற்றியதும் எல்லாம் சரியானது. திருத்தம் சில நிமிட வேலைதான். ஆனால் ஒரு வாடிக்கையாளர் தொலைபேசியில் அழைத்துச் சொல்லும் வரை, சில வாரங்களாகக் கட்டளைகள் வராததற்கு வியாபாரம் மந்தம் என்றே அங்கு எண்ணியிருந்தார்கள்.

2009 மார்ச்சில் வந்த 8ஆம் பதிப்பு நியமங்களை இன்னும் கண்டிப்பாகப் பின்பற்றியது. பழைய பக்கங்களுக்காக முகவரிப் பட்டைக்கு அருகில் கிழிந்த காகிதம் போன்ற ஒரு பொத்தானும் வைக்கப்பட்டது. அதை அழுத்தினால் பக்கம் பழைய முறையில் தெரியும். அது வலி மாத்திரை மட்டுமே, நோய்க்கு மருந்தல்ல. எக்ஸ்ப்ளோரர் 11க்கான ஆதரவை மைக்ரோசொப்ட் 2022 ஜூன் 15ஆம் திகதி விண்டோஸ் 10இல் நிறுத்திக்கொண்டது. வலி மாத்திரையை நம்பியிருந்தவர்கள் அன்றாவது பக்கத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

தமிழ் எழுத்துக்களுக்கு நேர்ந்தது

எமது மொழித் தளங்களுக்கு இன்னொரு சோதனையும் இருந்தது. யுனிகோட் பரவலாகும் முன் பாமினி போன்ற எழுத்துருக்களிலேயே தமிழ்த் தளங்கள் பல அமைந்தன. எழுத்துரு இல்லாத கணினியிலும் தமிழ் தெரிவதற்காக, எக்ஸ்ப்ளோரர் மட்டுமே வாசிக்கக்கூடிய எழுத்துருக் கோப்புகளைப் பக்கத்தோடு இணைத்தார்கள். வாடிக்கையாளர் பயர்பொக்ஸுக்கு மாறியதும் தமிழுக்குப் பதிலாக ஆங்கில எழுத்துக்களும் அரைப்புள்ளிகளும் கலந்த குழப்பமே திரையில் தெரிந்தது. யுனிகோட்டுக்கு மாறியவர்கள் தப்பினார்கள். ஒரு நிறுவனத்தின் தனிவழியை நம்பியவர்களே மாட்டிக்கொண்டார்கள்.

அதே பாடம் இன்றும்

இது பழைய கதை என்று ஒதுக்கிவிட வேண்டாம். ஃபிளாஷ் மென்பொருளுக்கான ஆதரவு 2020 டிசம்பர் 31இல் முடிந்தது. 2021 ஜனவரி 12 முதல் அதன் காட்சிகள் தடுக்கப்பட்டன. அதில் செய்த பட்டியல்களும் படத்தொகுப்புகளும் வெற்றிடமாகின. 2018 ஜூலையில் வந்த குரோம் 68, பாதுகாப்புச் சான்றிதழ் இல்லாத தளங்களுக்கு "பாதுகாப்பற்றது" என்ற குறியை இடத் தொடங்கியது. பணம் செலுத்த வரும் வாடிக்கையாளர் அந்தச் சொல்லைக் கண்டால் என்ன நினைப்பார்?

பதிப்பு எண்ணைப் பார்த்துத் தடுக்கும் பழக்கமும் ஆபத்தானது. 2009இல் ஒபேரா 10 வந்தபோது, முதல் இலக்கத்தை மட்டும் வாசிக்கும் தளங்கள் 10 என்பதை 1 என்று எடுத்துக்கொண்டன. அதனால் ஒபேரா தன்னை 9.80 என்றே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டி வந்தது. அக்காலத்தில் புதிய பதிப்புக்கு வருடக்கணக்கில் காத்திருந்தோம். குரோம் 2021இல் நான்கு வாரங்களுக்கு ஒரு பதிப்பு என்ற முறைக்கு மாறியது. புதுப்பித்தல் இப்போது கேட்காமலே நடந்து முடிந்துவிடுகிறது.

என்ன செய்ய வேண்டும்?

1. பக்கம் குலைந்து தெரிந்தால் முதலில் கன்ட்ரோல் விசையுடன் எஃப் 5 விசையை அழுத்துங்கள். கணினி சேமித்து வைத்த பழைய பிரதியை விட்டுப் புதிதாகப் பக்கத்தை எடுக்கும். கன்ட்ரோலுடன் பூச்சியத்தை அழுத்தினால் எழுத்தின் அளவு வழமைக்குத் திரும்பும். பல "கோளாறுகள்" இந்த இரண்டிலேயே தீர்ந்துவிடும்.

2. அதே பக்கத்தை வேறொரு பிரௌசரிலும் கையடக்கத் தொலைபேசியிலும் திறந்து பாருங்கள். எல்லாவற்றிலும் குலைந்திருந்தால் கோளாறு தளத்திலோ சேவையகத்திலோ உள்ளது. ஒன்றில் மட்டுமென்றால் அந்தப் பிரௌசருடன் ஒத்துப்போகாத வரி ஏதோ பக்கத்தில் இருக்கக்கூடும்.

3. வடிவமைப்பாளரிடம் "சரியில்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். பிரௌசரின் பெயர், பதிப்பு எண், பக்கத்தின் முகவரி, திரையின் படம் ஆகிய நான்கையும் அனுப்புங்கள். அவருடைய நேரமும் உங்கள் காசும் மிஞ்சும்.

4. வலைக் கூட்டமைப்பின் இலவசப் பரிசோதனைச் சேவையில் பக்கத்தைச் சோதிக்கச் சொல்லுங்கள். புதிய பதிப்புகள் வெளிவருமுன் பீட்டா என்ற முன்னோட்டப் பதிப்பு கிடைக்கும். அதிலும் பார்க்கச் சொல்லலாம்.

5. "இந்தப் பிரௌசரில் மட்டும் பார்க்கவும்" என்று எழுதி வைக்காதீர்கள். சப்பாத்து அணிந்தவர் மட்டும் கடைக்குள் வரலாம் என்று பலகை மாட்டுவதற்கு அது சமம்.

6. புதுப்பித்தலை நிறுத்தி வைக்க வேண்டாம். பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்களும் அதனுடன்தான் வருகின்றன. வங்கிக் கணக்கைப் பார்க்கும் கணினியைப் பழைய பிரௌசரில் விடுவது கல்லாப்பெட்டியைத் திறந்து வைப்பது போன்றது.

7. விலைமனு வாங்கும்போதே எழுத்தில் கேளுங்கள். தளம் நியமப்படி எழுதப்படுமா? எந்தெந்தப் பிரௌசர்களில் சோதிக்கப்படும்? ஒப்படைத்த பின் எவ்வளவு காலத்துக்குக் கட்டணமின்றித் திருத்தித் தருவார்கள்? தளத்தின் கோப்புகளின் பிரதி உங்களிடம் இருக்க வேண்டும். முகவரிப் பெயரும் உங்கள் பெயரிலேயே பதிவாகியிருக்க வேண்டும். இவை இல்லாவிட்டால் ஒரு வரியைத் திருத்துவதற்கும் தளத்தை முழுமையாகப் புதிதாகச் செய்ய வேண்டியிருக்கும்.

மலிவாகச் செய்து தருவதாகச் சொல்பவர் எல்லோரும் மோசம் என்பதல்ல. ஆனால் இன்றைய பிரௌசரில் அழகாகத் தெரிவதை மட்டும் பார்த்துக் காசு கொடுத்தால் அடுத்த புதுப்பித்தலின்போது இரண்டாவது தடவையும் கொடுக்க நேரிடும். பாஸ் மாறிக்கொண்டேதான் இருப்பார். வரைபடம் தெளிவாக இருந்தால் யார் கட்டினாலும் கடை ஒன்றுதான்.

மாதத்தில் ஒரு நாள், வாடிக்கையாளர் ஒருவரைப் போல உங்கள் தளத்துக்குள் நுழைந்து, ஒரு பொருளைத் தெரிவு செய்து, கட்டளைப் படிவத்தை அனுப்பி, அது வந்து சேருகிறதா என்று பாருங்கள். பத்து நிமிடம் போதும்.