கூரைமேல் ஒரு கணக்குப் பாடம்

எங்கள் பள்ளி வளாகத்தின் ஓரத்தில் பழைய அலுவலகக் கட்டடம் ஒன்று உள்ளது. தேக்கு உத்தரங்களின்மேல் செங்கல் அடுக்கிச் சுண்ணாம்புக் காரை பூசிய தளம். அதன்மேல் சூரிய மின்தகடுகள் அமைக்கலாமா என்ற பேச்சு வந்தபோது, அதையே எட்டாம் வகுப்புக்குப் பாடமாக்கினேன்.

முதல் கணக்கு

கூரையின் நீளம் 12 மீட்டர், அகலம் 7.5 மீட்டர். ஒரு கிலோவாட் திறனுக்கு ஏறத்தாழ 10 சதுர மீட்டர் இடம் வேண்டும். எத்தனை கிலோவாட் அமைக்கலாம்? ஒரு நிமிடத்தில் வகுப்பே "ஒன்பது!" என்றது. நானும் சரி போட்டேன்.

அப்போது கடைசி வரிசை மாணவி ஒருத்தி, "சார், அந்த வேப்பமரத்து நிழல் மேல விழுமே?" என்று கேட்டாள். நான் அதை யோசித்திருக்கவில்லை. தொடராக இணைத்த தகடுகளில் ஒன்றின்மேல் நிழல் விழுந்தாலும் முழுத் தொடரின் உற்பத்தியும் குறையக்கூடும். ஆகவே அவள் கேள்வியிலிருந்து பாடத்தை மீண்டும் தொடங்கினோம்.

செயல்பாடு: நிழலை அளத்தல்

பழைய கட்டடத்தின் கைப்பிடிச்சுவர் தாழ்வானது. மாணவர்களை மேலே ஏற்றவே கூடாது. எனவே 1:50 அளவில் அட்டையால் கட்டடம் செய்தோம். கூரை 24 செ.மீ. நீளம், 15 செ.மீ. அகலம். நீர்த்தொட்டிக்கு ஒரு சிறு டப்பா, தென்மேற்கு மூலை வேம்புக்கு ஒரு கிளை. உயரங்களும் அதே அளவில். உண்மைக் கட்டடத்தின் திசையிலேயே மாதிரியை மைதானத்தில் வைத்து, டிசம்பர் 21 அன்று காலை 9 முதல் மாலை 3 வரை மணிக்கொரு முறை நிழலின் ஓரத்தைப் பென்சிலால் வரைந்தார்கள்.

அருகில் ஒரு மீட்டர் குச்சியையும் நட்டோம். தஞ்சைப் பகுதியில் அன்று நண்பகல் நிழல் ஏறத்தாழ 68 செ.மீ., வடக்கு நோக்கி விழும். மிகக் குறுகிய நிழல் சரியாக 12 மணிக்கு வராமல் சில நிமிடங்கள் கழித்தே வந்தது. இந்திய நேரம் நமக்குக் கிழக்கேயுள்ள தீர்க்கக்கோட்டைப் பின்பற்றுவதே காரணம் என்று விளக்க நல்ல வாய்ப்பு. ஜூனில் மீண்டும் அளந்தோம். சூரியன் நமக்கு வடக்கே இருந்ததால், ஏறத்தாழ 22 செ.மீ. நிழல் தெற்கே விழுந்தது. ஒரு பருவத்தின் அளவை மட்டும் நம்பினால் தவறுவோம் என்று அவர்களே சொன்னார்கள்.

நிழல் படாத இடமாகத் தொட்டிக்குக் கிழக்கே 30 சதுர மீட்டர் மட்டுமே மிஞ்சியது. அதாவது 3 கிலோவாட். நம் மாநிலத்தில் ஒரு கிலோவாட் நாளொன்றுக்குச் சராசரியாக 4 யூனிட் தரும் என்று கொண்டால், 12 யூனிட்.

"மரத்தை வெட்டிட்டா ஒன்பதும் வருமே சார்?" என்றான் ஒருவன். "அப்ப மதியம் எங்க உக்காந்து சாப்பிடுறது?" என்றாள் இன்னொருத்தி. வாக்கெடுப்பு நடத்தவில்லை. இரு பக்கத்துக் காரணங்களையும் கரும்பலகையில் எழுதினோம். மரத்தின் பக்கம் பட்டியல் நீண்டது.

பொறியாளரிடம் கேட்ட கேள்வி

"தளம் தாங்குமா?" என்ற கேள்விக்கு வகுப்பறையில் விடை இல்லை. தகடும் சட்டகமும் சேர்ந்து சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 15 கிலோ அழுத்தும். பலத்த காற்று தகடுகளை மேலே தூக்கவும் பார்க்கும். பார்வையிட வந்த பொறியாளர், காரைத்தளத்தில் துளையிட்டால் மழைநீர் இறங்கி உத்தரம் உளுத்துவிடும் என்றார். சட்டகத்தின் கால்களைச் சுமைதாங்கும் சுவர்களின்மேல் நிறுத்தச் சொன்னார். மாணவர்கள் வரைந்த 30 சதுர மீட்டரை வைத்தே இடத்தைக் குறித்தார்.

இன்று 3 கிலோவாட் தகடுகள் இயங்குகின்றன. வேம்பும் நிற்கிறது. அந்த முதல் கணக்கின் விடையான ஒன்பதில் பெருக்கல் பிழை எதுவும் இல்லை. கேள்வியில்தான் பாதி இல்லாமல் இருந்தது. உங்கள் பள்ளிக் கூரையையும் ஒருமுறை இப்படி அளந்து பாருங்கள். மின்தகடு வராவிட்டாலும் விகிதம், பரப்பளவு, சூரியனின் பாதை ஆகிய மூன்று பாடங்கள் வரும்.